பின் ஆக்ஸிலை மாத்தலாமா, வேணாமா? - ஒரு காமரோக்காரனின் கணக்கு

கார் பத்திப் பேசி ரொம்ப நாளாச்சு. இந்தத் தடவை எடுத்துக்கிட்ட விஷயம் யாரும் குனிஞ்சு கூட பார்க்காத ஒண்ணு. வண்டிக்கு அடியில எண்ணெய்ப் பிசுக்கோட தொங்கிட்டு இருக்கும். அதான், பின் ஆக்ஸில். பதிவு கொஞ்சம் நீளம், நடுவுல கணக்கு வேற வரும். டீயோ காப்பியோ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

படிச்சது மெக்கானிக்கல், பொழப்பு பொட்டி தட்டறது. அந்த நாலு வருஷப் படிப்பு வீணாப் போயிடக் கூடாதுன்னு வாங்கினது ஒரு 2001 மாடல் காமரோ இசட்28. 5.7 லிட்டர் எல்எஸ்1 வி8 எஞ்சின், ஆறு கியர் மேனுவல். டெட்ராய்ட் பக்கம் குளிர்காலத்துல ரோட்டுல உப்பைக் கொட்டுவாங்க. அந்த மாசங்கள்ல போர்வை போத்தி வச்சிட்டு, வெயில் வந்ததும் வெளியே எடுப்பேன்.

இந்த வண்டி வச்சிருக்கற ரெண்டு பேர் சந்திச்சா மூணாவது நிமிஷம் ஒரு கேள்வி வரும்: "பத்து போல்ட்டை எப்ப மாத்தப் போறே?" கூட ஆணி புடுங்கற நண்பன் ஒருத்தன் பார்க்கும்போதெல்லாம், "மச்சி, பேசாம 9 இன்ச் போட்டுர்றா. இல்லன்னா ஒரு நாள் நடுரோட்டுல நிக்கப் போறே"ன்னு பயமுறுத்தறான். மாத்தறது சும்மா இல்லீங்க. இந்த வண்டிக்கே அளவெடுத்து, நேரா மாட்டற மாதிரி வர்ற முழு ஆக்ஸில் 3,000 டாலரைத் தாண்டும். ரெண்டு பேர் ஊருக்குப் போய்ட்டு வர்ற விமான டிக்கெட் காசு அது. வீட்டுல இந்தப் பேச்சை எடுத்தா, "ஏங்க, இப்ப வண்டி நல்லாத்தானே ஓடுது?"ங்கற ஒரே கேள்வியில எல்லாம் முடிஞ்சு போயிடுது. நியாயமான கேள்விதான். அதுக்கு நியாயமா ஒரு பதில் தேடினதுதான் இந்தப் பதிவு.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். சாதாரண டயர்ல ரோட்டுல ஓட்டற வரைக்கும் ஆக்ஸிலை மாத்த வேண்டியதில்லை. ஒட்டற டயர் போட்டு, கிளட்ச்சைத் தடால்னு விட்டு கால் மைல் ஓடப்போறோம்னு என்னிக்கு முடிவு பண்றோமோ, அன்னிக்கு டயருக்கு எடுத்து வைக்கற காசோட ஆக்ஸில் காசையும் சேர்த்து வைக்கணும். நடுவுல செய்யற அரைகுறை வைத்தியம் எல்லாம் பெரும்பாலும் தண்டச் செலவு. ஏன்னு பார்ப்போம்.

அடியில என்னதான் இருக்கு?

நம்ம ஊர் அம்பாசிடரை நினைச்சுக்கோங்க (அது உற்பத்தி நின்னது 2014-ல). பின்னாடி குனிஞ்சு பார்த்தா நடுவுல உருண்டையா ஒரு பூசணிக்காய், அதுலேர்ந்து ரெண்டு பக்கமும் குழாய், குழாய் முனையில சக்கரம். காமரோவுலயும் அடிப்படை அதேதான். எஞ்சின்லேர்ந்து வர்ற ஷாஃப்ட் நீளவாக்குல சுத்துது, சக்கரம் சுத்த வேண்டியது குறுக்குவாக்குல. அதைத் திருப்பி விடறது நம்ம மெக்கானிக் அண்ணன்கள் "கிரவுன் பினியன்"னு சொல்ற ஜோடி. சின்ன சக்கரம் பினியன், பெரிய வளையம் கிரவுன். திருப்பும்போதே வேகத்தைக் குறைச்சு முறுக்கு விசையைக் கூட்டியும் குடுத்துரும். அதுக்கு நடுவுல டிஃபரன்ஷியல். அதுலேர்ந்து சக்கரத்துக்குப் போற ரெண்டு இரும்புத் தண்டுதான் ஆக்ஸில் ஷாஃப்ட்.

"பத்து போல்ட்"ங்கறது ஜிஎம் வச்ச பேர் இல்லை, பின் மூடியில இருக்கற போல்ட்டை எண்ணி ஜனங்க வச்ச பேர். ஆனா விஷயம் போல்ட்ல இல்லை, உள்ளே இருக்கற கிரவுன் அளவுலதான். இதோட கிரவுன் விட்டம் 7.625 இன்ச், அதாவது ஏறக்குறைய 194 மில்லிமீட்டர். 1967-69 காமரோவுல பெரிய எஞ்சின் வண்டிகளுக்குப் போட்ட பன்னிரண்டு போல்ட் ஆக்ஸில்ல அது 8.875 இன்ச். புது வண்டியை விட தாத்தா வண்டிக்குத்தான் இடுப்பு பலம்!

இதுக்குக் காரணம் இருக்கு. இந்த ஆக்ஸில் குடும்பம் காமரோவுக்குள்ள வந்தது 1982-ல, மூணாம் தலைமுறையோட. அந்த வருஷம் இசட்28-ல கிடைச்ச அதிகபட்ச சக்தியே 165 குதிரைத்திறன்தான். அதுக்கு இந்த ஆக்ஸில் தாராளம். அப்புறம் எஞ்சின் வருஷா வருஷம் வளர்ந்து 2001-ல 310 குதிரைத்திறன், 340 பவுண்டு-அடி டார்க்னு வந்து நின்னுச்சு. ஆக்ஸில் 7.5-லேர்ந்து 7.625 இன்ச் ஆனதோட சரி. 2002-ல அந்தத் தலைமுறை முடியற வரைக்கும் அதேதான். பழைய சர்வர்லயே பத்து மடங்கு கூட்டத்தை ஏத்தற வித்தை எங்க துறைக்கும் புதுசில்லைங்கறதால இதைப் பார்த்து நான் ஆச்சரியப்படலை :-)

கணக்கு நேரம்

340 பவுண்டு-அடின்னா 461 நியூட்டன் மீட்டர். முதல் கியர் விகிதம் 2.66. பின் ஆக்ஸில் விகிதம் 3.42. மூணையும் பெருக்குங்க. சுமார் 4,200 நியூட்டன் மீட்டர் வரும். உராய்வு இழப்பை விட்டுட்டுப் பார்த்தா, முதல் கியர்ல முழு ஆக்ஸிலரேட்டர்ல கிரவுன் வீல் தாங்க வேண்டிய முறுக்கு இது.

ஆனா தாங்குதா? இங்கதான் பலரும் கோட்டை விடறாங்க. எஞ்சின் எவ்வளவு தர்றதோ அவ்வளவும் ஆக்ஸில் மேல விழுந்துடாது. டயர் ரோட்டைப் பிடிச்சு எதிர்த்துத் தள்ளினாத்தான் ஆக்ஸிலுக்கு முறுக்கே ஏறும். பனிக்கட்டி மேல நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா சக்கரம் சும்மா சுத்தும், ஆக்ஸிலுக்கு ஒண்ணும் ஆகாது. ஆக கேட்க வேண்டிய முதல் கேள்வி, டயர் எவ்வளவு தாங்கும்ங்கறதுதான்.

நான் உள்ளே உக்கார்ந்தா வண்டி சுமார் 1,640 கிலோ. அதுல பின் சக்கரத்து மேல 44 சதவீதம்னு வச்சுக்கலாம். வண்டி முன்னாடி பாயும்போது எடை பின்னாடி சாயும். அதுக்கு ஈர்ப்பு மையம் தரையிலேர்ந்து அரை மீட்டர், சக்கர இடைவெளி 2.57 மீட்டர்னு எடுத்துக்கிட்டேன். டயர் ஆரம் 0.32 மீட்டர்.

சாதாரண ரோட்டு டயர், உராய்வு எண் 0.9-ன்னு வைங்க. அப்ப வண்டிக்குக் கிடைக்கிற முடுக்கம் 0.48 ஜி. டயர் வழுக்கறதுக்கு முன்னாடி ஆக்ஸில் பார்க்கிற அதிகபட்ச முறுக்கு ஏறக்குறைய 2,500 நியூட்டன் மீட்டர். எஞ்சின் 4,200 குடுக்கத் தயாரா நிக்குது. டயர் 2,500-லயே "போதும்ப்பா"ன்னு கையை விரிச்சுருது. மிச்சம் எல்லாம் புகை.

இப்ப டிராக் ரேஸுக்குன்னே செஞ்ச பிசுபிசு டயரைப் போடுங்க. உராய்வு எண் 1.4-ன்னு வச்சுக்கலாம். முடுக்கம் 0.85 ஜி. டயர் தாங்கற முறுக்கு சுமார் 4,350. எஞ்சின் தர்ற 4,200-ஐ விட அதிகம். அதாவது டயர் இப்ப வழுக்காது. வர்றது மொத்தமும் கிரவுன் பினியன் பல்லு மேலதான் இறங்கும்.

அதே எஞ்சின், அதே கியர், அதே ஆக்ஸில். டயர் மட்டும்தான் மாறியிருக்கு. ஆக்ஸில் மேல விழற பாரம் முக்கால் மடங்கு கூடிப் போச்சு. நான் போட்ட எண்கள் தோராயம்தான். உங்க வண்டிக்குக் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். ஆனா படம் மாறாது. வீட்டு மெயின் போர்டுல ஃபியூஸ் மாதிரி இந்த வண்டிக்கு ஃபியூஸ் டயர். ஃபியூஸ் கம்பியைத் தடிமனா மாத்திட்டு, உள்ளே வயரை அப்படியே விட்டா என்ன ஆகும்னு எலக்ட்ரீசியன் அண்ணன்கிட்ட கேட்டுப் பாருங்க.

அதனாலதான் "இத்தனை குதிரைத்திறன் வரைக்கும் பத்து போல்ட் தாங்கும்"னு யாராவது ஒரே ஒரு எண்ணைச் சொன்னா நான் காதுல வாங்கறதில்லை. என்ன டயர், என்ன கியர்பாக்ஸ், கிளட்ச்சை எப்படி விடறே, வண்டி எடை என்ன - இது நாலும் தெரியாம அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

உடையறது எப்படி?

மேலே போட்டது நிதானமான கணக்கு. நிஜத்துல ஆக்ஸிலைக் கொல்றது இடி. எஞ்சினை 5,000 சுத்துல வச்சுக்கிட்டு கிளட்ச்சைத் தடால்னு விட்டா, சுத்திக்கிட்டிருக்கற ஃப்ளைவீல்ல சேர்ந்திருக்கற சக்தி முழுசும் ஒரு நொடியில ஒரு பகுதிக்குள்ள வெளியே வரும். அந்தக் கணத்துல முறுக்கு, எஞ்சின் டார்க்கை வச்சுப் பெருக்கின கணக்கையே தாண்டிப் போயிடும். சாதாரண டயர்னா கிறீச்சுன்னு வழுக்கி இடியை வாங்கிக்கும். ஒட்டற டயர் வாங்கிக்காது, பல்லு வாங்கிக்கும். ஆட்டோமேட்டிக் வண்டிக்காரங்க இந்த விஷயத்துல புண்ணியம் செஞ்சவங்க. டார்க் கன்வர்ட்டர் முறுக்கைக் கூட்டித்தான் குடுக்கும், ஆனா எண்ணெய் வழியா மெத்துனு குடுக்கும். அதனால ஒரே டயர், ஒரே எஞ்சின்ல மேனுவல் வண்டி ஆக்ஸில்தான் முதல்ல சாமியாடும்.

ரெண்டாவது எதிரி, சக்கரம் துள்றது. தேஞ்ச ரப்பர் புஷ் இருக்கற வண்டியில வேகமாக் கிளம்பினா பின்பக்கம் தடதடதடன்னு குதிக்கும் பாருங்க, அது. ஒவ்வொரு குதியிலயும் டயர் பிடிச்சு விட்டு, பிடிச்சு விட்டு, சுத்தியலால அடிக்கற மாதிரி பல்லை அடிக்கும். ரோட்டு டயர்லயே ஆக்ஸில் போகணும்னா இதுதான் குறுக்கு வழி. நல்ல சேதி என்னன்னா இதுக்கு வைத்தியம் மலிவு. கீழ் கன்ட்ரோல் ஆர்ம், புஷ், வண்டியைத் தாழ்த்தியிருந்தா ஆர்ம் கோணத்தைச் சரி பண்ற பிராக்கெட். முழு ஆக்ஸில் விலையில பத்துல ஒரு பங்கு ஆனாலே அதிகம்.

மூணாவது, வளையறது. கிரவுனும் பினியனும் பாரம் ஏறும்போது ஒண்ணை ஒண்ணு தள்ளி விலகப் பார்க்கும். வார்ப்பிரும்புக் கூடு சின்னதா இருந்தா கொஞ்சம் விரிஞ்சு குடுக்கும். பல்லு முழு அகலத்துல உக்காராம ஓரத்துல உக்காரும், ஓரம் உடையும். இந்தக் கூட்டுக்குள்ள குழாயை அமுக்கிச் செருகி அங்கங்க வெல்டு வச்சிருப்பாங்க. பாரம் மிஞ்சினா அந்த இணைப்பும் அசையலாம்.

அரைகுறை வைத்தியம்

இங்கதான் எனக்கும் என் நண்பனைப் போல நிறைய பேருக்கும் தகராறு. "முழு ஆக்ஸில் விலை ஜாஸ்தி, அதனால இருக்கறதையே பலப்படுத்திக்கலாம்"னு சொல்வாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு.

முதல் ஆசை கியர் விகிதம். 3.42-ஐ எடுத்துட்டு 4.10 போட்டா வண்டி கிளம்பும்போது பறக்கும், உண்மைதான். ஆனா பல்லை எண்ணிப் பாருங்க. 3.42-ங்கறது கிரவுன்ல 41, பினியன்ல 12. 3.73-ன்னா 41-க்கு 11. 4.10-ன்னா 41-க்கு 10. கிரவுன் அளவை மாத்த முடியாது, இடம் இல்லை. அதனால விகிதம் கூடக் கூட பினியன்தான் இளைச்சுப் போகும். பல்லு கம்மி, ஒரே நேரத்துல பாரம் சுமக்கற பல்லும் கம்மி. அதே சமயம் சக்கரத்துல முறுக்கு இருபது சதவீதம் கூடுது. ஏற்கனவே சின்ன ஆக்ஸில், அதை இன்னும் மெலிய வச்சு, அது மேல பாரத்தையும் கூட்டறோம்.

செலவு கியர் செட்டோட நிக்காது. பினியன் ஆழத்துக்கு ஷிம், பேரிங் இறுக்கம், பல்லுக்கு நடுவுல விடற இடைவெளி (ஒரு இன்ச்சுல ஆயிரத்துல சில பங்கு), மஞ்சப் பெயின்ட் தடவிச் சுத்தி பல்லு எங்க உக்காருதுன்னு பார்க்கறது - கை தேர்ந்த ஆள் செய்யணும், இல்லன்னா ஹைவேல ஊஊஊன்னு ஊளையிடும். அந்தக் கூலி, புது பேரிங் எல்லாம் சேர்த்தா முழு ஆக்ஸில் விலையில ஒரு நல்ல துண்டு இதுக்கே போயிடும். நாளைக்கு ஆக்ஸிலை மாத்தினா இதுல ஒரு பைசா கூட வராது. இந்தக் கியர் புது ஆக்ஸில்ல பொருந்தாது.

ரெண்டாவது ஆசை, கனமான அலுமினிய மூடி. உள்ளே பேரிங் மூடியை போல்ட்டால அழுத்திப் பிடிக்கற மாதிரி செஞ்சது. விரியறதைக் கொஞ்சம் தடுக்கும், பொய் சொல்லலை. எண்ணெயும் கொஞ்சம் கூடப் பிடிக்கும். ஆனா பல்லு அளவு அதே பல்லு அளவுதான்.

மூணாவது, ஆக்ஸில் ஷாஃப்ட்டை மட்டும் நல்ல எஃகுல மாத்தறது. தண்டோட முறுக்குத் தாங்கும் திறன் விட்டத்தோட மூணாம் அடுக்குல கூடும்னு இரண்டாம் வருஷத்துல படிச்சது ஞாபகம் இருக்கா? இதுல இருக்கற 28 வரி ஷாஃப்ட் சுமார் 1.2 இன்ச். பெரிய ஆக்ஸில்ல போடற 35 வரி ஷாஃப்ட் 1.5 இன்ச். விட்டம் கால் பங்குதான் அதிகம், பலம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பழைய கூட்டுக்குள்ள அந்தத் தடிமனைக் கொண்டு போக முடியாது. தவிர பத்து போல்ட்ல பெரும்பாலும் முதல்ல போறது கிரவுன் பினியன். ஷாஃப்ட்டைப் பலப்படுத்தினா பல்லு பலப்பட்டுடுமா?

சிரிப்பை விட்டுட்டு ஒரு விஷயம்

பல்லு உடைஞ்சா வண்டி நிக்கும். இழுத்துட்டுப் போற வண்டிக்குக் காசு, கொஞ்சம் அவமானம், அவ்வளவுதான். ஆனா ஷாஃப்ட் உடையறது வேற ஜாதி ஆபத்து. இந்த வகை ஆக்ஸில்ல சக்கரத்தை வெளியே போகாம பிடிச்சு வச்சிருக்கறது, ஷாஃப்ட்டோட உள் முனையில டிஃபரன்ஷியலுக்குள்ள மாட்டியிருக்கற ஒரு சின்ன சி வடிவ கிளிப். ஷாஃப்ட் நடுவுல முறிஞ்சா, கிளிப் உள் துண்டைத்தான் பிடிச்சிருக்கும். வெளித் துண்டு சக்கரத்தோட சேர்ந்து வெளியே நழுவலாம். பிரேக் காலிப்பர் கொஞ்ச நேரம் தடுத்து வைக்கும்னு சொல்வாங்க. அதை நம்பி நான் நூறு மைல் வேகத்துல போக மாட்டேன்.

அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏ இதைத்தான் விதியாவே வச்சிருக்கு. இது மாதிரி பழைய வண்டி கால் மைலை 10.99 செகண்டோ அதுக்குக் கீழயோ ஓடினா, கம்பெனியில வந்த ஷாஃப்ட் கூடாது, ஷாஃப்ட்டைத் தனியாப் பிடிச்சு வைக்கற அமைப்பு கட்டாயம். கம்பெனியிலேர்ந்து வந்தபடியே என் வண்டி ஓடறது பதிமூணு செகண்டு சொச்சம், ஆக அந்த விதி என்னைத் தொடாது. ஆனா டயரும் எஞ்சினும் ஏத்திக்கிட்டே போறவங்களுக்கு, "ஆக்ஸிலை அப்புறம் பார்த்துக்கலாம்"ங்கறது வெறும் காசுப் பிரச்சினை இல்லை. பக்கத்து வழியில ஓடறவனோட உயிரும் அதுல இருக்கு.

மாத்தறதுன்னா எதுக்கு?

மூணு பேர் அடிபடும்.

பன்னிரண்டு போல்ட்: மேலே சொன்ன தாத்தா ஆக்ஸில். ஜிஎம் கார்கள்ல வந்தது 1972-ஓட நின்னு போச்சு, ஆனா புதுசாச் செஞ்சு விக்கறாங்க. பினியன் மையத்துக்குக் கிட்டவே இருக்கறதால 9 இன்ச்சை விட உராய்வு இழப்பு கம்மி. ரோட்டுல நிறைய ஓட்டி, அப்பப்ப ரேஸ் போறவங்களுக்குப் பொருத்தம். வாங்கும்போது சி-கிளிப் இருக்கற மாதிரியா, இல்லாததான்னு கேட்டு வாங்கணும்.

ஃபோர்டு 9 இன்ச்: 1957-ல வந்தது, 1986 வரைக்கும் ஃபோர்டு வண்டிகள்ல இருந்தது. செவர்லே வண்டிக்கடியில ஃபோர்டு ஆக்ஸிலான்னு மூக்கைச் சுளிக்கறவங்க உண்டு. ஆனா டிராக் ரேஸ்ல கொடிகட்டிப் பறக்கறது இதுதான். பினியனை ரெண்டு பக்கமும் பேரிங் தாங்கிப் பிடிக்கும், விலகிப் போக விடாது. சி-கிளிப் கிடையாது. கியர் பாகம் முழுசும் முன்பக்கமா ஒரே உருப்படியா வெளியே வரும், வேற விகிதம் வேணும்னா அதையே மாத்தி மாட்டிக்கலாம். குறை என்னன்னா பினியன் ரொம்பக் கீழே உக்கார்ந்திருக்கறதால பல்லு நிறைய வழுக்கி உரசும், அதுல கொஞ்சம் சக்தி சூடாப் போகும்.

டேனா 60: கிரவுன் 9.75 இன்ச். லாரிக் குடும்பத்து ரத்தம். உடையறது கஷ்டம். எடையும் அதுக்கேத்த மாதிரி. ஆகஸ்ட்ல நடக்கற உட்வர்ட் டிரீம் க்ரூஸ்ல மணிக்குப் பத்து மைல்ல ஊர்ந்து போறதுக்கு டேனா 60 எதுக்குங்க?

எதை வாங்கினாலும் விலைப்பட்டியல்ல தெரியாத செலவும் இருக்கு. காமரோவுல ஆக்ஸில் சுழன்று எழாம தடுக்கறது டார்க் ஆர்ம்னு ஒரு நீள இரும்பு. கம்பெனியில அதோட முன் முனையை கியர்பாக்ஸ் வாலுல மாட்டியிருப்பாங்க. ஆக்ஸிலைப் பலமாக்கிட்டு இதை விட்டா, அடி கியர்பாக்ஸ் கூட்டுக்குப் போகும். அதனால அதையும் குறுக்குச் சட்டத்துல மாட்டற மாதிரி மாத்தணும். ஏபிஎஸ் சென்சார் பொருந்தணும். விகிதம் மாறினா ஸ்பீடோமீட்டரைக் கம்ப்யூட்டர்ல சரி பண்ணணும்.

அப்புறம் சங்கிலிக் கதை. எங்க ஆபீஸ்ல டேட்டாபேஸ் மெதுவா இருக்குன்னு அதை வேகப்படுத்தினா, அடுத்த வாரம் நெட்வொர்க் மூச்சு வாங்கும். இங்கயும் அப்படித்தான். ஒட்டற டயரும் உடையாத ஆக்ஸிலும் போட்டதுக்கப்புறம் அடுத்து மெலிஞ்ச கண்ணி கிளட்ச், அதுக்கடுத்து கியர்பாக்ஸ். பத்து போல்ட் உடைஞ்சா நட்டம் ஒரு பழைய ஆக்ஸில். அது உடையாம கியர்பாக்ஸ் உடைஞ்சா நட்டம் அதை விடப் பெருசு. இதுக்காகப் பலவீனமான ஆக்ஸிலை வேணும்னே வச்சுக்கோங்கன்னு சொல்லலை. எங்க நிறுத்தப் போறோம்னு முடிவு பண்ணாம முதல் பாகத்தை வாங்காதீங்கன்னு சொல்றேன்.

"இந்தக் காலத்துல யாருப்பா குழாய் ஆக்ஸில் வச்சிருக்கா?"ன்னு கேட்பீங்க. சரிதான். 2010 மாடல் காமரோவும் 2015 மாடல் மஸ்டாங்கும் தனித்தனி சஸ்பென்ஷனுக்கு மாறிடுச்சு. மேடு பள்ளத்துல, வளைவுல அதுதான் உசத்தி. ஆனா அதே ஜிஎம் 2012-ல டிராக் ரேஸுக்குன்னு கோபோ காமரோவைச் செஞ்சப்ப, புது சஸ்பென்ஷனைக் கழட்டிட்டு பழைய பாணி முழு ஆக்ஸிலைத்தான் போட்டாங்க. வேலைக்கேத்த கருவி. நம்ம கேள்வியும் அதுதானே?

ஆக, என் வண்டிக்கு?

நான் என் வண்டியில செய்யறது வருஷத்துல நாலஞ்சு நாள் டிராக் ஸ்ட்ரிப், மிச்சம் ரோடு. டயர் சாதாரணம். ஓடினா பதிமூணு செகண்டு சொச்சம். அதுக்கு நான் பண்ணப் போறது இவ்வளவுதான்:

1. பின் ஆக்ஸில் எண்ணெயை மாத்தி, வடிச்சதுல இரும்புத் துகள் இருக்கான்னு காந்தத்துல பார்க்கறது. மெல்லிசா சேறு மாதிரி இருந்தா வயசு. துண்டு துண்டா இருந்தா வியாதி.

2. கீழ் கன்ட்ரோல் ஆர்மும் புஷ்ஷும் புதுசு. துள்றதை நிறுத்தறது.

3. கிளம்பும்போது கிளட்ச்சைத் தடால்னு விடாம, டயரை லேசா வழுக்க விட்டுக் கிளம்பறது. கால் செகண்டு போனாப் போகட்டும். சம்பளம் வாங்கிட்டு ரேஸ் ஓடறவனா நான்?

4. 4.10 கியர், கனமான மூடி - பத்து போல்ட் மேல ஒரு டாலர் கூடக் கிடையாது.

5. மாசம் நூறு டாலர் தனியா எடுத்து வைக்கறது. மூணு வருஷத்துல ஒரு பன்னிரண்டு போல்ட் காசு சேரும். அப்பவும் ரேஸ் ஆசை இருந்தா டயரையும் ஆக்ஸிலையும் ஒரே நாள்ல மாட்டறது. ஆசை போயிருந்தா, ஊருக்கு டிக்கெட்.

வீட்டுல இந்தப் பட்டியலைக் காட்டினேன். அஞ்சாவது வரி மட்டும் ரெண்டு தடவை படிக்கப்பட்டது.

நண்பனுக்கு இன்னும் சமாதானம் ஆகலை. "இப்பவே போட்டா மனசுக்கு நிம்மதிடா"ங்கறான். நிம்மதிக்கு 3,000 டாலர் குடுக்கறது தப்புன்னு சொல்ல மாட்டேன், அவன் காசு, அவன் வண்டி. ஆனா அவன் வண்டியில இருக்கறதும் சாதாரண டயர்தான். அந்த டயர் வழுக்கற வரைக்கும் அவன் 9 இன்ச்சும் என் பத்து போல்ட்டும் சுமக்கறது ஒரே 2,500 நியூட்டன் மீட்டர்தான். அடுத்த தடவை அவன் ஆரம்பிச்சா முதல்ல டயரைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன்.

டிஸ்கி: இது என் வண்டிக்கு, என் டயருக்கு, என் பர்ஸுக்குப் போட்ட கணக்கு. உங்க வண்டி எடை, விகிதம், டயர் அளவைப் போட்டு நீங்களே ஒரு தடவை கணக்குப் பண்ணிப் பாருங்க. பத்து நிமிஷம்தான் ஆகும். கடைக்காரர் போடற கணக்கை விடக் கண்டிப்பா மலிவு :-)